ஃபேர் யூஸ்: 30 நொடிக் கணக்கு யார் போட்டது?

கேள்வி: சினிமாப் பாட்டை 30 நொடிக்குள் போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை வராதாமே, சார்?

அனுமதி வாங்காமலே பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள விடும் விலக்குக்கு அமெரிக்காவில் ‘ஃபேர் யூஸ்’ என்று பெயர். அமெரிக்கச் சட்டத்திலும் அப்படி ஒரு நொடிக் கணக்கு இல்லை, நம் சட்டத்திலும் இல்லை. முன்னாள் அமெரிக்க அதிபர் ஃபோர்டின் நினைவுக் குறிப்பு வெளிவருமுன்பே ‘தி நேஷன்’ இதழ் அதிலிருந்து எடுத்துப் போட்டது. இரண்டு லட்சம் சொற்களில் எடுத்தது 300 சொல்தான். ஆனால் தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனுக்கு ஏன் மன்னிப்பு கொடுத்தார் என்ற, புத்தகத்தின் உயிரான பகுதியும் அதில் இருந்தது. காசு கொடுத்து முன்கூட்டியே உரிமை வாங்கியிருந்த ‘டைம்’ இதழ் பின்வாங்கிவிட்டது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நேஷன் தோற்றது.

கேள்வி: அப்போ முழுசாக எடுத்தால் கண்டிப்பாகத் தப்புதானே?

அதுவும் இல்லை! கூகுள் கோடிக்கணக்கான புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்தது, அதை எதிர்த்த வழக்கில் 2015-இல் ஜெயித்தது. தேடினால் சில வரிகள்தான் தெரியும், புத்தகம் வாங்குவதற்கு அது மாற்றாகாது. தீர்ப்பெழுதியவர் நீதிபதி லெவால். ‘புது நோக்கத்துக்காக உருமாற்றியதா?’ என்று பார்க்கச் சொல்லி 1990-இல் கட்டுரை எழுதியவரும் அவரே.

கேள்வி: இதற்கெல்லாம் ஆரம்பம் எது?

1841-இல் வந்த ஓர் அமெரிக்க வழக்கு. முதல் அதிபர் வாஷிங்டனின் கடிதத் தொகுப்பிலிருந்து 353 பக்கங்களை ஒருவர் தன் நூலில் அப்படியே சேர்த்துவிட்டார். எவ்வளவு எடுத்தாய், எதை எடுத்தாய், மூலத்தின் விற்பனை அடிபடுமா என்று நீதிபதி ஸ்டோரி கேட்டார். 1976-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் ஏறியது ஏறக்குறைய அதே கேள்விகள்தான்.

கேள்வி: ஒரு ஃபோட்டோவுக்கு கலர் மாற்றிப் போட்டால் உருமாற்றம் ஆகிவிடாதா?

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் படத்தைப் பற்றிய வழக்கைப் பாருங்கள். பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து அவர் செய்த படம் பிரின்ஸைப் பற்றிய ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. அசல் புகைப்படமும் அதே வேலைக்குத்தானே விற்கும்? 2023-இல் 7-2 என்று புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பு. என் கணக்கில், ‘உருமாற்றம்’ என்ற சொல்லை வைத்து முப்பது வருடம் ஓட்டிய ஓட்டத்துக்கு இது ஒரு பிரேக்.

கேள்வி: இதெல்லாம் இந்தியாவில் செல்லுமா?

நேராகச் செல்லாது. இங்கே 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. விலக்குகளை வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கும். டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை பாடத் தொகுப்பு போட்டு விற்றதை எதிர்த்து வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. கற்பித்தலுக்கான விலக்கைக் காட்டி 2016-இல் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. முதலில் கேட்டவருக்கு: உங்கள் வீடியோ பாட்டை விமர்சிக்கிறதா, வெறும் பின்னணியாக ஓட விடுகிறதா? பின்னது என்றால் பத்து நொடியும் வம்புதான்.