கடையில் வாங்கிய உணவை ஆய்வகத்தில் கொடுத்தால் என்ன சாயம், என்ன ப்ரிசர்வேடிவ் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்களா?

சொல்வார்கள். ஆனால் எதைத் தேடச் சொல்கிறீர்களோ அதைத்தான் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்டும் மெஷின் கிடையாது. உணவு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நிறத்துக்கு முதல் கருவி வெள்ளை ஆட்டுக் கம்பளி நூல். உணவை நீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, நூலைப் போட்டுக் கொதிக்க வைப்போம். இயற்கை நிறம் பெரும்பாலும் அலசினால் போய்விடும், செயற்கைச் சாயம் நூலை விடாது. அந்த நூலை நீர்த்த அம்மோனியாவில் போட்டால் சாயம் இறங்கும். அதில் மறுபடி அமிலம் சேர்த்துப் புது நூலைப் போடுவோம். அதிலும் ஏறினால் செயற்கைச் சாயம்தான். அப்புறம் காகிதத்தில் அதை ஒரு சொட்டு வைத்து, பக்கத்திலேயே டார்ட்ரசின், கார்மோய்சின் போன்ற தெரிந்த சாயங்களையும் வைத்துக் கரைப்பானில் நிறுத்துவோம். எந்தச் சாயத்தோடு ஒரே உயரத்துக்கு ஏறுகிறது என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதிக்கக் காரணமான ரோடமைன் பி இந்த வழியில் அப்படியே சிக்காது. துணிக்குப் போடும் அந்தச் சாயம் அம்மோனியா போன்ற காரக் கரைசலிலும் கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தனியாகத் தேட வேண்டும். புற ஊதா விளக்கில் பளீரென்று ஒளிர்வது நல்ல அடையாளம்.

இந்தியாவில் 8 செயற்கைச் சாயங்களுக்கு அனுமதி உண்டு. அதற்காக எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை. டார்ட்ரசின் அனுமதி பெற்ற சாயம், ஆனால் மஞ்சள் தூளில் இருந்தால் அது கலப்படமே.

மஞ்சள் தூளைப் பற்றி இன்னொன்று. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் சிவக்கிறது, கலப்படம் என்று வீடியோ போடுகிறார்கள். சுத்தமான மஞ்சளும் சிவக்கும்! தண்ணீர் சேர்த்த பிறகும் அந்த நிறம் போகாமல் நின்றால்தான் மெட்டானில் யெல்லோ என்ற, உணவில் அனுமதியில்லாத மஞ்சள் சாயம் இருப்பதாகச் சந்தேகப்பட வேண்டும். நேர்மையான வியாபாரியின் பிழைப்பில் மண் விழும் விஷயம் இது. அந்த வீடியோக்களைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

ப்ரிசர்வேடிவ் கண்ணுக்குத் தெரியாது. குளிர்பானத்தில் உள்ள பென்சோயேட், சார்பேட்டை எச்.பி.எல்.சி. கருவி பிரித்து அளவோடு சொல்லும். உலர் திராட்சையில் சல்பைட் என்றால் அமிலத்தோடு கொதிக்க வைத்து, வரும் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்து, உருவான கந்தக அமிலத்தை அளப்போம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தவறு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கொடுக்கும்போது “செயற்கை நிறம், ரோடமைன் பி, பென்சோயேட்” என்று தேட வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள்.