கஸ்டம் இன்-இயரா, யூனிவர்சலா? புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டவருக்கு

கேள்வி: "புதுக்குடியிருப்பில் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன், கோரஸும் பாடுவேன். வீட்டில் பாட்டுக் கேட்பதிலும் சரியான விருப்பம். நான்கு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கனடாவில் இருந்து வரும் மாமாவிடம் காதுக்குள் செருகிக் கேட்கும் நல்ல இன்-இயர் மானிட்டர் ஒன்று வாங்கி வரச் சொல்லலாம். காதுக்கு அச்செடுத்துச் செய்கிற கஸ்டம் எடுப்பதா, அதே விலைக்கு எல்லாக் காதுக்கும் பொதுவாகச் செய்த யூனிவர்சல் எடுப்பதா?"

தம்பி, யூனிவர்சலை எடுங்கள். முழுக் காசையும் அதிலேயே போடாமல் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதற்கு உங்கள் காது அச்சில் சிலிக்கன் டிப் (காதுக்குள் போகும் மென்மையான நுனியுறை) செய்து போடுங்கள். கஸ்டம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கிளிநொச்சியில் ஒலியமைப்பு வேலை செய்கிறேன், மேடையில் நான் போடுவது கஸ்டம்தான், வீட்டில் கேட்பது யூனிவர்சல். இரண்டோடும் பழகியவன் என்பதால்தான், வன்னியில் இருந்துகொண்டு முதல் தடவை இவ்வளவு காசு போடுகிற ஒருவருக்கு இந்த வரிசையைச் சொல்கிறேன்.

கஸ்டமில் நீங்கள் மேலதிகமாகப் பெறுவது பொருத்தம்தான். உள்ளே இருந்து ஒலியை எழுப்பும் டிரைவர்கள் பல நிறுவனங்களில் இரண்டு வடிவத்துக்கும் ஒன்றேதான். 64 ஓடியோ நிறுவனத்தின் யூ12டி யூனிவர்சல், ஏ12டி கஸ்டம். இரண்டிலும் 12 டிரைவர்கள். கஸ்டம் வளர்ந்ததே மேடைக்காகத்தான். வான் ஹேலன் குழுவுக்கு மானிட்டர் ஒலி பார்த்த ஜெரி ஹார்வி 1995-இல் அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்குச் செய்துகொடுத்ததில் இருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. டிரம்ஸ்காரர் தலையை ஆட்டினாலும் கழலக்கூடாது, சுற்றியுள்ள சத்தத்துக்குள்ளும் தன் மிக்ஸ் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்த கருவியை வீட்டில் ஆறுதலாக இருந்து கேட்பதற்கும் சிறந்தது என்று எடுத்துக்கொள்வதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

இன்-இயரில் ஒலியைத் தீர்மானிப்பது காதுக்குழாய் எவ்வளவு இறுக்கமாக அடைபடுகிறது என்பதுதான். ஒரு மயிரளவு இடைவெளி இருந்தாலும் பாஸ் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி, பாஸ் கிட்டார், தவிலின் அடிநாதம் எல்லாம் மெலிந்து, எஞ்சியது கூர்மையாகக் குத்தும். ஆயிரம் டொலர் கருவியைப் போட்டுவிட்டு "பாஸ் இல்லை" என்று குறைசொல்கிறவர்களில் பெரும்பாலானோர் போட்டிருப்பது பொருந்தாத டிப். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று நினைக்கவேண்டாம். இடதுக்கு நடுத்தரமும் வலதுக்குப் பெரியதும் தேவைப்படுவது சாதாரணம். பாஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், தலையைத் திருப்பிப் பாருங்கள். பாஸ் கூடிக் குறைந்தால் அடைப்பு விட்டுப்போகிறது என்று அர்த்தம்.

கஸ்டம் போட்டால்தான் வெளிச்சத்தம் நன்றாக அடையும் என்றும் பலர் நம்புகிறார்கள். அல்டிமேட் இயர்ஸ் தன் கஸ்டங்களுக்குச் சொல்லும் கணக்கு 26 டெசிபெல். ஷூர் நிறுவனம் தன் எஸ்இ வரிசை யூனிவர்சல்களுக்கு 37 டெசிபெல் வரை என்கிறது. 1991-இல் வந்த எட்டிமோடிக் ஈஆர்4, ஆழமாகப் போகும் மூன்றடுக்கு ரப்பர் டிப்போடு 35 டெசிபெல் பக்கம் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறை வேறு என்பதால் இவற்றை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: மென்மையான ஃபோம் காதுக்குழாய்க்குள் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கஸ்டத்தின் அக்ரிலிக் கூடு கடினமானது, விரியாது. கஸ்டத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காரும், மூன்று மணி நேரம் போட்டாலும் ஒரு புள்ளியில் அழுத்தாது, வியர்வையில் வழுக்காது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு இரவு முழுக்க மேடையில் நிற்கிறவருக்கு அது பெரிய விஷயம்தான்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்திருங்கள். காதை அடைத்த பிறகு டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மிஞ்சும் குழாய்த் துண்டு, வழக்கமான ஆழத்தில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தூக்கிக் காட்டும் ஒரு முனைப்பைக் கொடுக்கும். ஆழமாகப் போட்டால் துண்டு குறுகி அந்த முனைப்பு மேலே நகரும். ஆகவே யூனிவர்சலைக் கேட்டுவிட்டு, அதே மொடலின் கஸ்டமும் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓர்டர் செய்ய முடியாது. கஸ்டத்தை வாங்குமுன் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. உங்கள் காதுக்கென்றே செய்து முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்பது தெரியும்.

அடுத்தது அச்செடுப்பது. எங்களுக்குச் சிக்கல் இங்கேதான். காது அச்சு எடுப்பவர்கள் காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையங்களில் இருக்கிறார்கள். நீங்கள் யாழ்ப்பாணம் போகவேண்டி வரும். கிளிநொச்சியில் இருந்தே ஏ9 வீதியில் சுமார் 65 கிலோமீட்டர், உங்களுக்கு அதற்கு மேலே. முதலில் காதுக்குள் விளக்கால் பார்த்து, குறும்பி இருந்தால் எடுக்கச் சொல்வார்கள். பிறகு நூல் கட்டிய ஒரு சின்ன ஃபோம் துண்டை உள்ளே தள்ளிவைத்து, சிரிஞ்சால் சிலிக்கனை நிரப்பி, அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். கேட்கும் கருவிக்கு எடுக்கும் அச்சு பெரும்பாலும் ஆழம் குறைவாக இருக்கும். இன்-இயர் செய்கிறவர்கள் காதுக்குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டிக் கேட்பார்கள். பல நிறுவனங்கள் வாயைத் திறந்தபடி, பற்களுக்கு நடுவில் ஒரு கட்டை கடித்தபடி எடுக்கச் சொல்கின்றன, ஏனென்றால் தாடை திறக்கும்போது காதுக்குழாயின் வடிவம் மாறும். பாடுகிறவருக்கு இது கட்டாயம் தேவை. எடுப்பவருக்கு இதைச் சொல்லாவிட்டால் அவர் வழக்கமாக எடுப்பதுபோலத்தான் எடுப்பார், அவரில் குற்றமில்லை. நிறுவனத்தின் அறிவுறுத்தல் தாளை அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள். பொடியும் திரவமும் கலந்து செய்யும் பழைய முறை அச்சை ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வெயிலில் தபாலில் போகும் வழியிலேயே அது உருமாறும். சிலிக்கன்தான் வேண்டும்.

அச்சு சரியாக வந்தாலும் முதல் தடவையிலேயே கூடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. என் கஸ்டத்தின் இடது பக்கம் வந்த புதிதில் வாயைத் திறந்தால் பாஸ் போய்விடும். செய்தவர்கள் திருத்தித் தர உடனே சம்மதித்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலபோக விதைப்பு நேரம் அனுப்பியது, தைப்பொங்கல் கழிந்துதான் கைக்கு வந்தது. போகவர கூரியர் காசு, திரும்பி வரும்போது சுங்கத்தில் "இது திருத்தி வந்த பழைய சாமான்" என்று கடிதம் காட்டி விளக்கும் அலைச்சல். இலவசமாகத் திருத்தித் தரும் காலத்துக்கும் ஒரு எல்லை உண்டு, பல இடங்களில் அது குறுகியது. ரொறொன்ரோவில் இருக்கும் ஒருவர் நடந்துபோய்ச் செய்துகொள்ளும் காரியம் எங்களுக்கு ஒரு பருவம் எடுக்கிறது. உங்கள் மாமா கனடாவில் இருப்பதும் இதில் உதவாது, காது இங்கே அல்லவா இருக்கிறது? யூனிவர்சல் என்றால் அவர் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

பிடிக்காவிட்டால் விற்பதையும் யோசியுங்கள். 2022-இல் டொலர் 200 ரூபாய் பக்கத்தில் இருந்து சில மாதங்களில் 360-க்குத் தாவிய பிறகு, இப்படியான சாமானைப் பாவித்த நிலையில் தேடுகிறவர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள். யூனிவர்சலை டிப் மாற்றிக் கொடுத்துவிடலாம். கஸ்டம் உங்கள் காதுக்கு மட்டும்தான். வேறொருவர் வாங்கினாலும் கூட்டை உடைத்துப் புதிதாக வார்க்க வேண்டும், அதனால் கிடைக்கும் விலை மிகக் குறைவு. உடம்பு நன்றாக மெலிந்தாலோ பெருத்தாலோ காதுக்குழாயும் மாறும், அப்போது உங்களுக்கே அது பொருந்தாமல் போகலாம்.

எங்கள் பக்கத்துக்காரருக்கு ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 2009 வரை ஷெல் விழுந்த மண்ணில் வளர்ந்தவர்கள் நாங்கள். வெடியதிர்ச்சியில் செவிப்பறை கிழிவது அடிக்கடி நடக்கும் காயம். பலருக்குத் தானாக மூடிவிடும், சிலருக்கு ஓட்டை அப்படியே நின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படியான காதுக்குள் சிலிக்கனைச் செலுத்தினால் அது நடுக்காதுக்குள் போய், சத்திரசிகிச்சை செய்து எடுக்கும் நிலை வரலாம். சின்ன வயதில் பக்கத்தில் ஏதாவது வெடித்திருந்தால், காதில் சீழ் வந்திருந்தால், ஒரு பக்கம் மந்தமாகக் கேட்டால், ஓயாமல் இரைந்துகொண்டிருந்தால், அச்செடுக்கும் முன் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். கஸ்டம் எடுத்தாலும் சரி, டிப்புக்கு மட்டும் அச்செடுத்தாலும் சரி, இது பொருந்தும்.

காதைப் பற்றிக் கதைக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவில் மேடைகளில் ஜெனரேட்டர் ஒரு பக்கம், காலடியில் மானிட்டர் பெட்டி மறுபக்கம், பின்னால் டிரம்ஸ். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையோஷ் நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். இன்-இயர் இதில் இருந்து காப்பாற்றும், இரண்டு காதிலும் போட்டு ஒலியைக் குறைத்து வைத்தால் மட்டும். சனத்தின் சத்தம் கேட்கவில்லை என்று ஒன்றைக் கழற்றிவிட்டு வாசிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். கழற்றிய காது மேடைச் சத்தத்தை முழுதாக வாங்கும், போட்டிருக்கும் காதுக்கு ஒலியைக் கூட்டிக் கூட்டி வைப்பார்கள். சனம் கேட்க வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் ஒரு மைக்கை வைத்து உங்கள் மிக்ஸில் கொஞ்சம் கலந்து தரும்படி ஒலிக்காரரிடம் கேளுங்கள், சந்தோசமாகச் செய்வார்.

நான்கு லட்சத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஷூர் எஸ்இ846. 2013-இல் 999 டொலருக்கு வந்தது. டிப்பை மாட்டும் நுனிக்குழாய் ஒல்லி என்பதால் ஆழமாகப் போகும், வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், மேடைக்கும் வீட்டுக்கும் ஒத்துவரும். அதன் மின்தடை 9 ஓம் மட்டும்தான். அதனால் சில மிக்ஸர்களின் ஹெட்ஃபோன் துவாரத்தில் ஒலியின் குணம் மாறிக் கேட்கும், வயர்லெஸ் பெட்டியில் மெல்லிய இரைச்சலும் கேட்கலாம். உங்கள் குழுவின் மிக்ஸரில் நல்ல சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை இணைத்தால் முதல் குறை தீரும். வீட்டில் கேட்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் 2021-இல் வந்த சென்ஹைசர் ஐஇ 900. ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், பாஸ் அவ்வளவு இயல்பாக வரும். ஆனால் விலை உங்கள் எல்லையை முட்டும், டிப்புக்குக் காசு மிஞ்சாது.

வாரத்துக்கு வாரம் மேடை ஏறி, முன்னணிப் பாடகராகி, எந்த டிப் போட்டும் காதில் நிற்காமல் நழுவுகிறது என்ற நிலை வந்தால் அப்போது கஸ்டம் எடுங்கள், நானே அதைச் சொல்வேன். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வரவும், திருத்த அனுப்பிவிட்டுக் கையில் இருக்கும் யூனிவர்சலோடு சமாளிக்கவும் அப்போது உங்களால் முடியும்.

மாமாவிடம் சொல்லும்போது கருவியோடு மூன்று அளவு ஃபோம் டிப்பும் மேலதிகமாக ஒரு கேபிளும் வாங்கி வரச் சொல்லுங்கள். எங்கள் வியர்வைக்கும் புழுதிக்கும் முதலில் போவது கேபிள்தான். கூடவே சிலிகா ஜெல் பொட்டலங்களும் ஒரு மூடும் டப்பாவும். அச்சு டிப்பை அவசரப்பட்டு முதலே செய்யக் கொடுக்காதீர்கள். அது நுனிக்குழாயின் தடிப்புக்கும் சாய்வுக்கும் ஏற்ப வார்க்கப்படுவது, ஆகவே கருவி கைக்கு வந்து, ஃபோம் டிப்போடு சில நிகழ்ச்சிகள் வாசித்துப் பார்த்த பிறகு யாழ்ப்பாணம் போனால் போதும்.