செத்தவீட்டு வாசலில் லோன்காரர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விசயத்தைச் சுற்றி வந்தன: லோனும், அதோடு வந்த தற்கொலையும். மூன்று பேரும் வெவ்வேறு ஊர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது, மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். தை மாதம் என் மூத்த மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருமகன் கட்டாரில் வேலை. அவள் நாலு கம்பனியில் லோன் எடுத்திருந்தது செத்த பிறகுதான் தெரியும். ஒன்றைக் கட்ட இன்னொன்று. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதற்கு நான் பிணைக் கையெழுத்து வைத்தேன். இரண்டு நாளைக்கு முன் வந்து, "அம்மா, ஒரு நாலாயிரம் இருக்குமா?" என்று கேட்டாள். "என்னட்ட எங்க புள்ள காசு கிடக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அப்போது என் காதில் தோடு கிடந்தது. இப்போது அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். எட்டுச் செலவு முடிய முதலே லோன்காரர் வந்து வீட்டைப் பூட்டுவோம் என்றார்கள். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. பேத்திக்கு ஒன்பது வயது. அம்மா காய்ச்சலில் செத்தது என்று சொல்லி வைத்திருக்கிறோம். நான் அந்தக் காசைக் கொடுத்திருந்தால் அவள் இருந்திருப்பாளா?

பதில்: தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த நாலாயிரத்தால் ஒரு கம்பனியின் ஒரு தவணை கட்டுப்பட்டிருக்கும். அடுத்த நாள் இன்னொரு கம்பனியின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றிருக்கும். நாலு கம்பனி என்றால் கிழமையில் நாலு நாள். அந்தக் கிழமை அவள் உங்களிடம் மட்டுமா கேட்டிருப்பாள்? லோன் குழுவில் இருந்த பெண்களிடம், கடை முதலாளியிடம், கூடப் படித்தவளிடம் எல்லாம் கேட்டிருப்பாள். அவர்களில் ஒவ்வொருவரும் இப்போது தங்கள் வீட்டில் இருந்துகொண்டு, "நான் கொடுத்திருந்தால்" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தாய் என்பதால் உங்களுக்கு அது கூட வலிக்கிறது. அதனால் காரணம் நீங்கள் என்று ஆகிவிடாது.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தே சிலதைச் சொல்லிவிடுவேன். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கத் தொடங்கிய ஆள் லோன் கொப்பியை ஒருவருக்கும் காட்டாது. நல்லாச் சிரித்துக் கதைக்கும். நித்திரை மட்டும் இருக்காது. மாதக்கணக்கில் நித்திரை இல்லை, புருசன் தூரத்தில், லோன் குழுக்கள் கூடுகிற சென்டர் கூட்டத்தில் மற்றப் பெண்களுக்கு முன்னால் ஏச்சு, இதையெல்லாம் சொல்ல வெட்கம். இவை எல்லாம் சேர்ந்து மனச்சோர்வாக இறங்கினால், "நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது" என்று மனம் சொல்லும். அது பொய். ஆனால் அந்த நேரத்தில் அந்த ஆளுக்கு அது உண்மை போலத்தான் இருக்கும். அந்த நினைப்பைப் பிடித்து நிறுத்த உங்கள் தோட்டால் முடிந்திருக்காது.

இது உங்கள் மகளுடைய கெட்டித்தனக் குறைவும் இல்லை. 2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து, நுண்கடன் என்கிற இப்படியான சின்னக் கடனுக்கு ஆண்டுக்கு 220 சதவீதம் வரை வட்டி போகிறது என்றும் வசூலிக்க வருகிறவர்கள் பெண்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதே ஆண்டு அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் கிடந்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வட்டிக்கு 35 சதவீதம் என்று ஒரு உச்சவரம்பும் வந்தது. நாலு கூட்டல் கழித்தல் தெரியாததால் நம் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

என் தம்பியும் இப்படித்தான் போனான். தம்பிலுவில் கடலில் தொழில் செய்தவன், படகு எஞ்சினுக்கு எடுத்த கடன். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சே நின்றுபோனது. திவசத்துக்கு அம்மா அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி காய்ச்சுவா, பேரை மட்டும் சொல்லமாட்டா. கேட்கிற ஆட்களுக்கு நெஞ்சு வருத்தம் என்று சொன்னோம். எனக்கு அவன் மேல் பயங்கரக் கோபம் இருந்தது. ஒரு சொல் சொல்லாமல் போனானே என்ற கோபம். செத்த ஆளைக் கோபிக்கலாமா என்று அந்தக் கோபத்தையும் மறைத்தேன். உங்களுக்கும் அப்படி வந்தால் பயப்பட வேண்டாம். அழுகை ஒரு நாள், கோபம் ஒரு நாள், இரண்டும் இல்லாமல் வெறுமையாக ஒரு நாள் என்று மாறி மாறித்தான் வரும். முப்பத்தொன்று முடிந்துவிட்டது, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது, இனி எழும்பு என்று ஊர் சொல்லும். ஊர் சொல்கிற நாளுக்கு நீங்கள் எழும்ப வேண்டியதில்லை.

பேத்தி விசயம் அவசரம். அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். இப்போதே பாதி அவள் காதில் விழுந்திருக்கும். மீதியைப் பள்ளிக்கூட மதிலடியில் யாராவது ஒரு பிள்ளை சொல்லும், அதுவும் கூடாத விதத்தில். தகப்பனைப் போனில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்படிச் சொல்லலாம்: "அம்மாவுக்கு மனசுக்குள்ள பெரிய வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தில அம்மா தன்ர உயிரத் தானே எடுத்துப்போட்டா. நீ செய்த ஒண்டாலயும் இது நடக்கல்ல. உன்ன நான் பார்ப்பன்." எப்படி என்ற விபரம் வேண்டாம். அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "நான் குழப்படி செய்ததாலயா அம்மா போனது?" என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைக்கும். அதை வாய் திறந்து கேட்காது.

இனி லோன். இதற்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள், அன்றைக்கு அழுகிற வேலை வேண்டாம். நாலு கொப்பியையும் ஒரு பையில் போடுங்கள், மரணச் சான்றிதழில் பிரதிகள் எடுங்கள். நீங்கள் பிணை வைத்த ஒன்றுக்குத்தான் உங்கள் மேல் பொறுப்பு. மற்ற மூன்றுக்கும் நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை என்றால் உங்களிடம் வந்து கேட்க அவர்களுக்கு வழியில்லை. மகள் விட்டுப்போன சொத்தில்தான் கேட்கலாம். வீட்டை ஈடு வைக்கவில்லை என்றால், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரும் வந்து பூட்ட முடியாது. கடன் கொடுக்கும்போதே காப்புறுதி என்று ஒரு தொகை பிடித்திருக்கிறார்களா என்று கொப்பியின் முதல் பக்கங்களில் பாருங்கள். பிடித்திருந்தால், கடன் எடுத்தவள் இறந்தால் மிச்சம் கழியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில், வாய்ப்பேச்சில் இல்லை. மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே இந்தப் பையோடு போங்கள். அது முடியும்வரை ஒரு புதுக் காகிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

தோட்டை அரிசிப் பானையில் இருந்து எடுங்கள். போட மனமில்லை என்றால் பேத்திக்கென்று வையுங்கள். அதை விற்று அந்தக் கம்பனிக்குக் கட்டிவிடுவீர்களோ என்பதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட இருக்கிறேன். எனக்கும் மூன்று லோன், கணவருக்கு ஒன்றுதான் தெரியும். எங்கள் குழுவில் இருந்த ஒரு பிள்ளை போய்விட்டது. அவளுடைய பங்கையும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். சில இரவுகளில் அவள் செய்ததுதான் சரி என்று நினைப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமா?

பதில்: பிள்ளை, இதழ் உங்கள் கைக்கு வர முதலே இந்தப் பதிலை உங்களுக்குத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.

பொலிஸ் வராது. தற்கொலை முயற்சியே இந்த நாட்டில் 1998 இல் இருந்து குற்றமில்லை. நினைப்பு வருகிறது என்று போய்ச் சொல்வது எப்படிக் குற்றமாகும்? இன்றைக்கே 1926 க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழில் கதைக்கலாம். 1333 என்ற உளவளத்துணை இலக்கமும் இருக்கிறது, அதற்குக் காசு போகாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருப்பார். கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும் என்றால் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். இரவில் அந்த நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் யார் படுத்திருந்தாலும் எழுப்புங்கள். ஏசினால் ஏசட்டும்.

கணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தனியாகச் சொல்ல வேண்டும் என்றில்லை. அவர் மதிக்கிற ஒரு ஆள், மூத்த அக்காவோ மாமாவோ, பக்கத்தில் இருக்கட்டும். சத்தம் போடுவார். அவருடைய சத்தத்தைத் தாங்கலாம், உங்களை இழந்தால் அந்த வீடு தாங்காது.

அவளுடைய பங்கைப் பற்றி: குழுக்கடனில் ஒருவருக்கொருவர் பிணை என்று நீங்கள் கையெழுத்து வைத்திருந்தால் கம்பனி கேட்கத்தான் செய்யும். ஆளுக்கு ஆள் தனியே போய்க் கெஞ்சாமல், எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகத் தவணையைக் குறைத்துக் கேளுங்கள். மிரட்டினால், மத்திய வங்கியில் இப்படியான முறைப்பாட்டுக்கென்றே 1935 என்ற இலக்கம் இருக்கிறது. இன்னொன்று. அவளுடைய தாயின் வீட்டுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற குழுப் பெண்கள் இருந்தால், அவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது, அக்கரைப்பற்றுப் பக்கம். ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை. என் லிஸ்ட்டில் இருந்த ஒரு அக்கா போன வருசம் இறந்துபோனா. அதற்கு முதல் கிழமை நான் அவவின் வாசலில் இருட்டும் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டிருந்தேன். மேலிடத்தில் இருந்து, காசு வாங்காமல் வராதே என்றார்கள். இப்போது அந்த ஒழுங்கையால் போக முடியவில்லை. போய் மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்: தம்பி, கடிதம் எழுதினதே பெரிய விசயம். உங்களை நான் திட்டப் போவதில்லை. பாராட்டவும் மாட்டேன்.

இருட்டும் வரைக்கும் ஒரு பெண்ணின் வாசலில் குந்தியிருப்பது மிரட்டல்தான். அதைச் சொல்லித் தந்தவர் ஏசி அறைக்குள் இருந்தார், குந்தினது நீங்கள். இரண்டும் உண்மை. மேலே உள்ள தாய்க்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு ஆளின் சாவுக்கு ஒரு காரணம் இருப்பதில்லை. ஆனால் அதைத் தாய் கேட்டு ஆறுதல் அடையலாம், நீங்கள் கேட்டு ஆறுதல் அடைகிற அளவு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன இலக்கங்கள் உங்களுக்கும் பொருந்தும். இந்த வேலை செய்கிற பெடியன்கள் எத்தனை பேர் இதே பாரத்தோடு திரிகிறார்களோ, ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மன்னிப்புக் கேட்க இப்போது போக வேண்டாம். நீங்கள் போய் வாசலில் நின்று அழுதால், அந்த வீட்டு ஆட்கள்தான் உங்களைத் தேற்ற வேண்டி வரும். அவர்களுக்கு அந்த வேலையையும் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் ஒபிசில் அந்த அக்காவின் கணக்கு இப்போது எந்த நிலையில் கிடக்கிறது என்று பாருங்கள். வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா? பிணை வைத்தவர்களை இன்னொரு பெடியன் துரத்திக்கொண்டு திரிகிறானா? காப்புறுதி பிடித்திருந்தால் அதற்கு யாராவது விண்ணப்பித்தார்களா? பெரும்பாலும் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள், செய்ய வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவும் மாட்டார்கள். அந்த விண்ணப்பப் படிவங்கள் எந்த லாச்சிக்குள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கணக்கு மூடப்பட்டது என்று கடிதத் தலைப்பில், முத்திரையோடு ஒரு காகிதம் வாங்க முடியுமா என்று பாருங்கள். கிடைத்தால் கிராம சேவகர் மூலம் அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டால் போகலாம், கம்பனிச் சேட்டு போடாமல், கம்பனி மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு.