கொச்சபம்பா தண்ணீர்ப் போராட்டம் உண்மையிலேயே வென்றதா?

“கம்பெனியை விரட்டினார்கள், சரி, தண்ணீர் வந்ததா?” என்பது உங்கள் கேள்வி. பாதி வெற்றி என்பேன்.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரக் குடிநீர் விநியோகம், உலக வங்கியின் நெருக்குதலால், 1999-ல் அகுவாஸ் தெல் துனாரி நிறுவனத்திடம் 40 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. ஏலம் கேட்டது அது ஒன்றுதான். பின்னால் நின்றது அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம். கட்டணம் எகிறியது, சிலருக்கு இரட்டிப்பானது. அதைவிட ஆத்திரமூட்டியது இன்னொன்று: குழாயே எட்டாத தெற்குப் பகுதியில் மக்கள் சொந்தப் பணத்தில் தோண்டிய கிணறுகளும் கைமாறிவிடும் என்ற அச்சம். ஆலைத் தொழிலாளர்களும் பாசன விவசாயிகளும் மாணவர்களும் சாலைகளை மறித்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

கூத்து அதற்குப் பிறகுதான். நிறுவனம் தன் தாய் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பதிவைக் காட்டி, நெதர்லாந்துக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் பொலிவியா மீது கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. பல நாடுகளில் எதிர்ப்பு கிளம்பவே, 2006-ல் வெறும் இரண்டு பொலிவியானோவுக்கு (பொலிவிய நாணயம்) சமரசம்!

மாற்று என்னவாயிற்று? முன்பு விநியோகத்தை நடத்திய செமாப்பா என்ற பொது நிறுவனம் திரும்பியது. நிர்வாகக் குழுவில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்கள் சொற்பம். முறைகேடும் பணத் தட்டுப்பாடும் தொடர்ந்தன. தெற்குப் பகுதியில் பலர் ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீரையே விலைக்கு வாங்கினார்கள். ஓரளவு உருப்படியாக நடந்தவை, அரசும் கம்பெனியும் தொடாத, மக்களே தோண்டி நடத்திய அந்தக் கிணற்றுக் கூட்டுறவுகள்தான்.