வாசகர் கேள்வி – பதில்: தாரோடு எதைச் சேர்ப்பது?

கேள்வி: போட்ட முதல் மழைக்கே தார்ச்சாலையில் ஜல்லி பெயர்கிறது. தாரில் எதையாவது கலந்தால் நிற்குமா?

முதலில் குழியின் ஓரத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள். கல்லின் முகம் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் தாரை உரித்திருக்கிறது. சிலிக்கா மிகுந்த கிரானைட், குவார்ட்சைட் கற்களில் தாரைவிடத் தண்ணீர்தான் நன்றாக ஒட்டும். கல்லில் தார் இருந்தும் கட்டி மொறுமொறுவென்று உதிர்ந்தால் கோளாறு வேறு: ஆலையில் தார் அளவுமீறிச் சூடாகியிருக்கலாம், அல்லது தாரே குறைவாக விழுந்திருக்கலாம். அதற்குக் கீழே சொல்லும் மருந்து கேட்காது.

உரிவதற்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் நல்ல மருந்து. ஜல்லி எடையில் 1 முதல் 2 சதவீதம், ஜல்லி ஈரமாக இருக்கும்போதே பிசறுங்கள். காய்ந்த ஜல்லியில் கொட்டினால் தூசி உறிஞ்சும் குழாயோடு நிறையப் போய்விடும்.

இன்னொன்று, தாரைக் கல்லோடு ஒட்டவைக்கும் அமைன் வகை வேதித் திரவம். தார் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம். ஒரு டன் கலவையில் தார் 50 கிலோ என்றால், 0.4 சதவீதம் வெறும் 200 கிராம்! குவளையில் அளந்து தொட்டியில் ஊற்றினால் சீராகப் பரவாது. தார்க்குழாயிலேயே அளவுப் பம்பு வையுங்கள். கலந்த தாரை நாள்கணக்கில் சூட்டில் வைத்தாலும் வீரியம் போகும்.

பலன் தெரிய 250 கிராம் கலவையைக் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். மிதக்கும் தாரை வழித்தெடுத்த பிறகே நீரை வடிக்க வேண்டும். இல்லையென்றால் அது திரும்பக் கல்லில் படிந்து ஏமாற்றிவிடும். வெள்ளைத் தாளில் பரப்பிக் காயவிட்டு, வெளுத்த கற்களைத் தேடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கழிவு எவ்வளவு சேர்க்கலாம்?

தார் எடையில் 6 முதல் 8 சதவீதம். பாலித்தீன் பைகளைக் கழுவி, காயவைத்து, 2 முதல் 4 மி.மீ. துணுக்குகளாக நறுக்கி, சுமார் 165 டிகிரி சூட்டிலுள்ள ஜல்லியில் தூவுங்கள். அது உருகிக் கல்லைப் போர்த்திய பிறகே தார். சூடு குறைந்தால் திரளும். பி.வி.சி. கூடவே கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்.

கேள்வி: எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் போன்ற பாலிமர் கலந்த தாரில் போட்ட சாலையும் பெயர்கிறதே?

ரோலரைக் கவனித்தீர்களா? அழுத்தி முடித்த தளத்தில் காற்றிடைவெளி சுமார் 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழிவிடும். எந்தச் சேர்க்கையும் அதை அடைக்காது. பாலிமர் கலவை சாதாரணக் கலவையைவிடச் சீக்கிரம் விறைக்கும். ஆகவே பரப்பும் இயந்திரத்தின் பின்னாலேயே ரோலர் ஒட்டிப் போக வேண்டும். தளம் 100 டிகிரிக்கு இறங்குமுன் முக்கிய உருட்டலை முடித்துவிடுங்கள். மெல்லிய தளமும் பலத்த காற்றும் சேர்ந்தால் கிடைப்பது சில நிமிடங்களே. சந்தேகம் தீராவிட்டால் தளத்தில் வட்டமாகத் துளையிட்டு மாதிரி எடுத்து அடர்த்தியை அளந்துவிடுங்கள்.