கம்பெனிச் சண்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பெங்களூர் தூரவாணி நகர் ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டயல் செக்‌ஷனில் ஆரம்பித்தேன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். இப்போது ராமமூர்த்தி நகரில் மகனோடு இருக்கிறேன்.

மகன் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியில். மாப்பிள்ளை அதற்கு நேர் போட்டிக் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை மகள் குடும்பம் சாப்பிட வந்தால் ரசம் வருவதற்குள் சண்டை தொடங்கிவிடும். மாப்பிள்ளை கம்பெனி எல்லோரையும் வேவு பார்க்கிறது என்பான் மகன். மகன் கம்பெனி ஊரை அடித்து உலையில் போடுகிறது என்பார் மாப்பிள்ளை.

என் குழப்பம் இதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் காலேஜில் படிக்கும்போது இதே மகனுக்கு மைக்ரோசாஃப்ட்தான் வில்லன், கூகுள் என்றால் தங்கம். இப்போது தலைகீழாகப் பேசுகிறான். கம்பெனி மாறியதா, இவன் மாறினானா? இந்தச் சண்டை நிஜமா, நாடகமா? இதில் யார்தான் நல்ல கம்பெனி? எங்கள் காலத்தில் எங்களுக்குப் போட்டி என்று சொல்லிக்கொள்ள யாருமே இல்லை. அப்போதும் ஜனங்கள் எங்களைத் திட்டத்தான் செய்தார்கள். என் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் பிரச்சினை ஆகும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

ரசத்தில் ஆரம்பிக்கும் சண்டை மோருக்குள் முடிந்துவிடுகிறது என்று நம்புகிறேன். நான் வளர்ந்தது பெங்களூர் மர்ஃபி டவுனில். எண்பதுகளில் தீபாவளிக்குப் படம் வந்தால் எங்கள் தெருவில் இரண்டு மன்றம், இரண்டு கொடி, எப்படியும் ஒரு மண்டை உடையும். ஆனால் இரண்டு நடிகர்களுக்கும் கட்அவுட் வரைந்தவர் ஒரே பெயிண்டர்தான். காலையில் ஒரு மீசை, மதியம் இன்னொரு மீசை. அவருக்கு எந்த நடிகர் மேலும் கோபம் கிடையாது. இரண்டு மன்றமும் பாக்கி வைத்திருப்பதுதான் அவருடைய ஒரே புகார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் ஞாபகம் வந்தது. கூடவே போன மாதம் நம் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பார்த்த ஒன்றும்.

அக்கா மகளின் பழைய ஐபோன் எக்ஸ் கீழே விழுந்து திரை சிலந்தி வலை ஆகியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. கிருஷ்ணகிரிக்காரப் பையன். அடியிலிருந்த இரண்டு குட்டி ஸ்க்ரூவைக் கழற்றினான், போனைச் சூடான தட்டில் கொஞ்ச நேரம் வைத்தான், ரப்பர் கப்பை ஒட்டி இழுத்து ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஓட்டினான். போன் புத்தகம் மாதிரித் திறந்துகொண்டது. "காம்போ மாத்தணும் சார். ஒரிஜினல்னா சாம்சங் பேனல். காப்பி போதும்னா பாதி ரேட்டு" என்றான். காம்போ என்றால் கண்ணாடியும் திரையும் சேர்ந்த ஒரே துண்டு. நான் சும்மா வாயைக் கிளறினேன்: "ஆப்பிள் போன்தானேப்பா இது?" அவன் தலை நிமிரவே இல்லை. "ஆப்பிள்தான் சார். பேனல் சாம்சங்."

ஆப்பிள் 2011-இல் சாம்சங் மீது வழக்குப் போட்டது. எங்கள் போனைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. 2012 ஆகஸ்டில் சான் ஹோசே ஜூரி 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அப்புறம் மேல்முறையீடு, தொகைக் குறைப்பு, மறு விசாரணை என்று இழுத்து 2018-இல்தான் சமாதானம் ஆனார்கள். அந்த வழக்கு சூடாக நடந்த வருடங்களில் ஐபோனின் மூளையான சிப்பைச் செய்து கொடுத்தது சாம்சங். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸின் திரையும் சாம்சங் கொடுத்ததுதான். ஒரு மாடியில் வக்கீல்கள், இன்னொரு மாடியில் பர்சேஸ் ஆர்டர்.

இதை நாடகம் என்று சொல்லமாட்டேன். வழக்கு நிஜம், பணமும் நிஜம். சேர்ந்து வியாபாரம் செய்தால் லாபம் என்கிற இடத்தில் வியாபாரம், அடித்துப் பிடுங்கினால் லாபம் என்கிற இடத்தில் அடி. இரண்டையும் ஒரே நாளில் செய்ய அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பங்காளிகள் பொதுச்சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஒரே போர்வெல்லில் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரசிகர்களிடம்தான் இதை யாரும் சொல்வதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த ஆப்பிள் விழா ஒரு உதாரணம். கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், அவருக்குப் பின்னால் பெரிய திரையில் திடீரென்று பில் கேட்ஸின் முகம். மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று அறிவித்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. அத்தனை வருடம் "அவன்தான் எதிரி" என்று சொல்லி வளர்த்த கூட்டம் அல்லவா. ஆப்பிள் ஜெயிக்க வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று ஜாப்ஸ் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டி வந்தது.

அன்றைய ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு ஷரத்து உண்டு. மேக் கம்ப்யூட்டரில் டீஃபால்ட் பிரவுசராக மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருக்கும் என்பது. டீஃபால்ட் என்றால், வாங்கும்போதே உள்ளே போட்டு வருவது. மாற்றிக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியில்தானே நாமும் காலண்டரை மாட்டுகிறோம்.

அந்த ஆணிக்கு என்ன விலை என்று பாருங்கள். ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் டீஃபால்ட் தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. கூகுள் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கில் தாக்கலான ஆவணங்களில் வெளிவந்த கணக்கு இது. ஐபோனா ஆண்ட்ராய்டா என்று உங்கள் வீட்டில் ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது, ஆண்ட்ராய்டின் சொந்தக்காரரான கூகுள் ஐபோன்காரருக்கு வருடா வருடம் செக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி, மகன் மாறினானா கம்பெனி மாறியதா என்ற கேள்வி. அவர் காலேஜில் படித்த காலத்தில் மைக்ரோசாஃப்டை வில்லன் என்று சொன்னதில் தப்பே இல்லை. 1998-இல் அமெரிக்க அரசு அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டதே, விண்டோஸோடு பிரவுசரைக் கட்டி விற்றுப் போட்டியாளரை நசுக்குகிறது என்றுதான். 2000-இல் கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, மறு வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அதே 2001-இல் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர், விண்டோஸுக்குப் போட்டியாக இலவசமாகக் கிடைத்த லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அப்போது என் நண்பன் ஒருவன் தன் ஸ்கூட்டரில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, விண்டோஸ் வைத்திருந்தவர்கள் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் திரிந்தான்.

பிறகு 2014-இல் சத்யா நாதெள்ளா தலைமைக்கு வந்தார். மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று திரையில் போட்டே காட்டினார். 2018-இல் அந்தக் கம்பெனி, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. என் நண்பன் இன்று காலை முதல் இரவு வரை நிரல் எழுதுவதற்கான மைக்ரோசாஃப்டின் எடிட்டரில்தான் வேலை செய்கிறான். ஸ்கூட்டரை விற்றுவிட்டான்.

2023 அக்டோபரில் அதே நாதெள்ளா வாஷிங்டனில் சாட்சிக் கூண்டில் ஏறினார். கூகுள் மீது அரசு போட்ட வழக்கு. டீஃபால்டை வைத்துக்கொண்டு கூகுள் தங்களைத் தலையெடுக்க விடவில்லை என்பது அவர் சாட்சியத்தின் சாரம். கால் நூற்றாண்டுக்கு முன் அவருடைய கம்பெனி குற்றவாளியாக நின்றதும் அதே நீதிமன்றத்தில்தான். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பு எழுதினார். ஆக, மைக்ரோசாஃப்ட் திருந்திவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. வாசல் கதவின் சாவி அதன் கையை விட்டுப் போனது, குரல் சாதுவானது. மதுரையில் பிறந்து கூகுள் தலைவரான சுந்தர் பிச்சையைப் பற்றி நம் ஆட்களுக்கு இருக்கும் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் சாவி இருக்கும் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் போல.

நாம் எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கும் அவர்கள் செலவு செய்கிறார்கள். 2011-இல் கூகுளைப் பற்றிப் பத்திரிகைகளில் மோசமாக எழுதவைக்க ஃபேஸ்புக் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தை ரகசியமாக அமர்த்தி மாட்டிக்கொண்டது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் கூகுளைத் தாக்கிப் பெரிய பிரசாரமே நடத்தியது, பிறகு கிண்டல் வாசகம் போட்ட காபிக் கோப்பைகள்கூட விற்றது. மாமியார் மருமகள் சண்டையில்கூட யாரும் கோப்பை அடித்து விற்றதில்லை.

மகனும் மாப்பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று. கூகுள் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட் 2006 முதல் 2009 வரை ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற கம்பெனிகள் அந்தக் காலத்தில் தங்களுக்குள் ரகசியமாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தன: உன் ஆளை நான் கூப்பிடமாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே. 2007-இல் கூகுளின் ஆளெடுப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் விஷயம் தெரியாமல் ஆப்பிள் இன்ஜினியரைத் தொடர்புகொண்டுவிட்டார். ஜாப்ஸ் புகார் செய்தார், அந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று கூகுளிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைத் தன் ஆட்களுக்கு அனுப்பும்போது ஜாப்ஸ் சேர்த்தது ஒரு ஸ்மைலி மட்டும். அமெரிக்க அரசு 2010-இல் இந்த ஏற்பாட்டை நிறுத்தவைத்தது. ஏறத்தாழ 64,000 ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில் நான்கு கம்பெனிகளும் 41.5 கோடி டாலர் கொடுக்க 2015-இல் ஒப்புக்கொண்டன. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்களோ, அந்த மாதிரி கம்பெனிகள் இந்த மாதிரி ஆட்களின் சம்பளம் ஏறாமல் பார்த்துக்கொள்வதில் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன.

யார் நல்ல கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் தாத்தா போனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். வந்தபிறகு மழை பெய்தால் லைன் செத்துப்போகும். திட்டினோம்தான். ஆனால் யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்திருந்தது. லைன்மேன் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்பார், தீபாவளி இனாம் வாங்கவும் அவரே வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் என் கணக்கு திடீரென்று பூட்டிக்கொண்டது. பெயர் எதற்கு. பன்னிரண்டு வருடத்துக் கட்டுரைகளும் படங்களும் உள்ளே. பதினோரு நாள் ஒரு இயந்திரம் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று எழுதிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நாள் காரணம் சொல்லாமல் தானாகத் திறந்துகொண்டது. திட்டுவதற்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை. விட்டுப் போகவும் முடியாது, எல்லாம் அங்கேதான் கிடந்தது.

2011 ஜனவரியில் நம் நாடு முழுக்க மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "போர்ட் அவுட் பண்ணிடுவேன்" என்ற ஒரு வார்த்தைக்கு அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கஸ்டமர் கேர் எழுந்து உட்கார்ந்தது. அந்தக் கம்பெனிகளுக்கு ஒரே ராத்திரியில் நல்ல மனசு வந்துவிடவில்லை. நம் கைக்கு ஒரு கதவு கிடைத்தது, அவ்வளவுதான். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோதும் எனக்கு அபராதத் தொகை பெரிதாகத் தெரியவில்லை. மறு ஜனவரியில், இந்தியாவில் புதுப் போனை அமைக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்போம் என்று கூகுள் அறிவித்ததே, அதைத்தான் கவனித்தேன். அதனால் ஒரு கம்பெனியைப் பற்றி நான் முதலில் பார்ப்பது, அங்கிருந்து என் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான். ஒரு நாள் என்றால் நல்ல கம்பெனி. பதினோரு நாள் என்றால் உங்கள் மகன் வேலை பார்த்தாலும் சரி, மாப்பிள்ளை வேலை பார்த்தாலும் சரி.

கடைசியாக ஒரு சுயநலம். தாத்தாவின் கறுப்பு போன் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, உங்கள் தொழிற்சாலையில் செய்ததுதான். 7-க்குச் சுற்றினால் டயல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எஸ்.பி. ரோட்டுப் பையனிடம் காட்டினேன், இதற்குக் காம்போ கிடைக்காது சார் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தப் பக்கம் வர முடியுமா?

அன்புடன்.