ஏழு வாரக் கணக்கும் ஒரே ஒரு கையெழுத்தும்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறேன். வயது 31, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் துபாயில் வேலை. ஆறு வாரத்துக்கு முன்பு லீவில் வந்து, 15 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். ஆணுறை கிழிந்து கரு தங்கிவிட்டது. இப்போது வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். ஸ்கேனில் 7 வாரம் என்று வந்தது. அந்தச் சீட்டை யாரோ படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். “புருஷன் வந்தே ஆறு வாரம், கரு மட்டும் எப்படி ஏழு வாரம்?” என்று பேச்சு. தெரிந்த இரண்டு பெண்கள் தினமும் வீட்டுக்கு வந்து, கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும், இனிப் பிள்ளையே தங்காது, போலீஸ் பிடிக்கும் என்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 7 வாரக் கணக்கு. உங்களைச் சுற்றி எழுந்திருக்கும் பேச்சுக்கு வேர் அதுதான். உலகம் முழுக்க மருத்துவர்கள் கர்ப்ப வாரத்தை உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14ஆம் நாள். ஆக “7 வாரம்” என்று சீட்டில் இருந்தால் தீட்டு வந்து 49 நாள், கரு உண்டாகி சுமார் 35 நாள். உங்கள் கணவர் வந்து 42 நாள், போய் 27 நாள். அவர் வீட்டில் இருந்த நாட்களுக்குள்தான் கரு தங்கியிருக்கிறது. இந்த வாரங்களில் ஸ்கேன் கணக்கு ஐந்து நாள் முன்பின் ஆகவும் செய்யும். வெளிநாட்டு வேலையும் விசைப்படகு வேலையுமாக ஆண்கள் வந்து வந்து போகிற நம் கரையில் இந்த இரண்டு வார வித்தியாசம் தெரியாததால் எத்தனை வீட்டில் சந்தேகம் விழுகிறது! உங்கள் கணவருக்கும் இதே கணக்கைப் போனில் சொல்லுங்கள். ஊராருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

அடுத்தது கையெழுத்து. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். சம்மதப் படிவத்தின் பெயர் ‘படிவம் சி’. அதில் கணவர் கையெழுத்துக்கென்று இடமே கிடையாது. சட்டத்தில் இல்லாத இதுபோன்ற நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. கருத்தடை முறை தவறியதால் உண்டான கர்ப்பம், 2021 திருத்தத்துக்குப் பிறகு, மணமானவர் ஆகாதவர் யாருக்கும் ஏற்கத்தக்க காரணம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். “எனக்கு 18 வயது தாண்டிவிட்டது, படிவம் சி கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்” என்று நிதானமாகக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு மாறும். மாறாவிட்டால் அங்கே வாதாடி நாளைக் கழிக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போங்கள். அரசு மருத்துவமனைக்கு இதற்கெனத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தனியார் என்றால் ‘படிவம் பி’ என்ற அங்கீகாரச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் உட்காராதீர்கள்.

நாள் ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டில் மாத்திரை முறைக்கு அனுமதி 9 வாரம், அதாவது 63 நாள் வரைதான். உங்களுக்கு மிச்சம் இருப்பது 14 நாள். அது தாண்டினால் வழி அடைபடாது. உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. ஆனாலும் இந்த வாரமே போய்விடுங்கள். பழைய ‘டி அண்ட் சி’ சுரண்டல் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. யாராவது அதைத்தான் செய்வோம் என்றால் உறிஞ்சு முறை உண்டா என்று கேளுங்கள்.

மாத்திரைக்கு முன் மூன்று விஷயம் பார்க்கப்பட வேண்டும். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த வகை என்ன. கருக்குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், காப்பர் டி உள்ளே இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் மைஃபிப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒரு மாத்திரை. அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, மருத்துவர் சொன்ன வழியில். வலியும் ரத்தப்போக்கும் சில மணி நேரத்தில் தொடங்கும். கட்டி கட்டியாகப் போவது, குளிர் நடுக்கம், பேதி எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். வலிக்கு ஐபுப்ரூஃபன் போடலாம், மாத்திரையின் வேலையை அது கெடுக்காது. ரத்தப்போக்கு ஒன்றிரண்டு வாரம் சிறிதாக நீடிக்கலாம்.

தீவுப் பக்கம் இருப்பவர்கள் நான்கு மாத்திரை போடும் நேரத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் போக்கு அதிகமானால் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம். முடிந்தால் அன்று ராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ நம்பிக்கையான உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் 108க்கு அழையுங்கள். ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, ஒரு பக்கமாகக் குத்தும் வயிற்றுவலி, தோள்பட்டை வலியோடு மயக்கம், இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. நான்கு மாத்திரை போட்டு 24 மணி நேரமாகியும் ரத்தமே வராவிட்டாலும் போய்க் காட்டுங்கள். அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

100 பேரில் 95 பேருக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். இருந்தாலும் இரண்டு வாரம் கழித்துச் சோதனைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். கரு தொடர்ந்து வளர்ந்தால் மிசோப்ரோஸ்டாலால் ஊனம் வரும் வாய்ப்பு உண்டு. வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்வதென்றால் நான்கு வாரம் பொறுங்கள். அதற்கு முன் பழைய ஹார்மோன் மிச்சத்தாலேயே இரண்டு கோடு காட்டலாம்.

இனி அந்த இரண்டு பெண்கள் சொன்னது. மூன்றிலும் ஏதோ ஒரு நூல் உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

புற்றுநோய்: பழைய சில ஆய்வுகளில், புற்றுநோய் வந்த பெண்களிடமும் வராத பெண்களிடமும் பின்னால் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். நோய் வந்தவர் காரணம் தேடி எல்லாவற்றையும் ஒளிவின்றிச் சொன்னார். வராதவர் கருக்கலைப்பைச் சொல்லத் தயங்கினார். இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தெரிந்தது அதனால்தான். 16 நாடுகளின் 53 ஆய்வுகளை ஒன்றாக்கி, மார்பகப் புற்றுநோய் வந்த 83,000 பெண்களின் தகவலை அலசிய முடிவு 2004இல் லான்செட் இதழில் வந்தது. கருக்கலைப்பு அந்த நோயைக் கூட்டவில்லை என்பதே அதன் முடிவு.

பிள்ளை தங்காது: எருக்கங்குச்சி வைத்து, அழுக்குக் கருவி விட்டு, கிருமி ஏறிக் குழாய் அடைத்துப்போன பெண்கள் நம் பாட்டி காலத்தில் இருந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அது முறையற்ற கைகளால் வந்தது. முறையான மாத்திரைக்குப் பிறகு எட்டே நாளில்கூடக் கருமுட்டை வெளிவரலாம். ஆகவே அடுத்த கருத்தடை என்ன என்பதை அதே வருகையில் பேசி முடியுங்கள்.

போலீஸ்: ஸ்கேன் சென்டரில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகை, ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்துக்கானது. அதைப் பார்த்துவிட்டுக் கருக்கலைப்பே குற்றம் என்று நினைக்கிறார்கள். அங்கீகாரம் உள்ள இடத்தில், மருத்துவர் கருத்தோடு செய்வது சட்டப்படியானது. மெடிக்கலில் தானே வாங்கிப் போடுவதுதான் சிக்கல். உடம்புக்கும் ஆபத்து, சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

குரூப்பில் வந்த படத்துக்கு வருவோம். கோபத்தில் “உடனே அழி” என்று குரலெழுப்பாதீர்கள். அவர்கள் அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் அனுப்பியவர் எண், தேதி, நேரம், குரூப் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அட்மின்கள் யார் என்று தெரியும் பக்கத்தையும் எடுங்கள். குரல் பதிவுகளைச் சேமியுங்கள். சாட்டை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள், நீதிமன்றத்தில் அந்தப் போனே தேவைப்படலாம். பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். புகாரில் “என் மருத்துவச் சீட்டை என் அனுமதியின்றிப் பரப்பினார்கள், மிரட்டினார்கள்” என்று எழுதினால் போதும். கர்ப்பத்தின் கதையை எழுத வேண்டியதில்லை. நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100. உடனடி ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

சீட்டு மருத்துவமனையிலிருந்தோ ஸ்கேன் சென்டரிலிருந்தோ கசிந்ததாகத் தெரிந்தால், நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தனிப் புகார். கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு (பிரிவு 5ஏ). சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். அதைத் தவிர மற்ற எந்த ஏட்டிலும் பெயர் வரக் கூடாது, வரிசை எண் மட்டும்தான். சம்மதப் படிவம் உறையில் இட்டு மூடப்படும். ஆகவே வரவேற்பு மேஜையிலேயே “பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், டோக்கன் எண் சொல்லுங்கள், இந்த எண்ணுக்கு மட்டும் போன் செய்யுங்கள்” என்று கேளுங்கள். கர்ப்பத்தைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏற்கெனவே பதிந்திருந்தால், வீடு தேடி வந்து வாசலில் விசாரிப்பதற்கு முன் நீங்களே தனியாகச் சந்தித்துச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு வரும் பெண்களுக்கு ஒரே முறை, ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: “அக்கா, உங்கள் நம்பிக்கை உங்களுக்கு. இதைப் பற்றிப் பேச இனி என் வீட்டுக்கு வராதீர்கள்.” அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். மத நம்பிக்கையால் கருக்கலைப்பு தவறு என்று ஒருவர் எண்ணுவதை நாங்கள் மதிக்கிறோம். அவர் அதைத் தன் வாழ்க்கையில் கடைப்பிடிக்கலாம், வெளியில் சொல்லவும் செய்யலாம். உங்கள் படியேறி மிரட்டவும், வழி மறிக்கவும், சீட்டைப் படம் பிடிக்கவும் அந்த நம்பிக்கை உரிமை தராது. சொன்ன பிறகும் வந்தால் அதையும் புகாரில் சேருங்கள். இதே சட்டம் எதிர்ப்பக்கமும் காக்கிறது: நடுவில் உங்கள் மனம் மாறி, பிள்ளை வேண்டும் என்று தோன்றினால், கலைத்தே ஆகவேண்டும் என்று கணவரோ மாமியாரோ கட்டாயப்படுத்த முடியாது. பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் இரண்டு வரி. 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் தேவை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரவேண்டும். ஆனால் பெண்ணோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர் அடையாளத்தைத் தவிர்க்கலாம் என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது கணவரைக் கடலில் பறிகொடுத்தவர், விவாகரத்தானவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் ஆகியோருக்கு, இரண்டு மருத்துவர்கள் கருத்தோடு, 24 வாரம் வரை வழி உண்டு.

நீங்கள் புறப்படும்போது ஆதார், ஸ்கேன் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், மாற்று உடை, நாப்கின் ஒரு கட்டு, வாய் திறக்காத ஒரு துணை, இவ்வளவும் போதும். ராமநாதபுரத்தில் வெளிநோயாளர் சீட்டு காலையில்தான் தருவார்கள். தங்கச்சிமடத்திலிருந்து விடிந்ததும் கிளம்பும் பஸ்ஸைப் பிடியுங்கள்.